பீன்யா பக்கம் போர்வெல் தண்ணீர்: சால்வென்ட் கலந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தாசரஹள்ளிக்காரன்:
பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையை ஒட்டி வாடகை வீடு. காவேரித் தண்ணீர் வராத நாட்களில் ஓனர் போர்வெல்லைப் போட்டு சம்ப்பை (தரைக்கடித் தொட்டி) நிரப்புகிறார். பின்தெருவில் உலோகத்துக்கு முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் ஷெட், சாயங்காலமானால் டிரை கிளீனிங் கடை வாடை அடிக்கிறது. தண்ணீரில் வாடை இல்லை. டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 480, ஆர்ஓவுக்குப் பிறகு 60, லேப் ரிப்போர்ட்டிலும் பிஎச், கடினத்தன்மை, நைட்ரேட், கோலிஃபார்ம் எல்லாம் சரி. அப்புறம் என்ன பயம் என்கிறார் ஓனர். இதிலெல்லாம் சால்வென்ட் (பிசுக்கைக் கரைக்கும் ரசாயனம்) தெரியுமா?

லேப்_ராத்திரி_ஷிஃப்ட்:
தெரியாது சார். டிடிஎஸ் மீட்டர் பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டும்தான், ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற சால்வென்ட்டுக்கு மின்னூட்டமே கிடையாது, மீட்டருக்கு அது இல்லாத பொருள். பிளேட்டிங்குக்கு முன்னால் உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கப் பல இடங்களில் அதைத்தான் பயன்படுத்துவார்கள். தண்ணீரை விடக் கனமானது, கீழே சிந்தினால் பாறை வெடிப்பு வழியாக இறங்கிவிடும், நம்ம ஊர் போர்வெல்லும் அதே வெடிப்பில் இருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. மூக்கையும் நம்ப வேண்டாம், வாடை தெரிகிற அளவு குடிநீர் வரம்பை விடப் பல மடங்கு மேலே.

லேபில் 'விஓசி, ஜிசி-எம்எஸ்' (எளிதில் ஆவியாகும் ரசாயனங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல்லின் முத்திரை மட்டும் போதாது, அங்கீகாரப் பட்டியலில் இந்தச் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்லேரி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் பாதி ஆவியாகிவிடும். அவர்களே 40 மில்லி கண்ணாடிக் குப்பி தருவார்கள். பம்ப்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாய் முனையில் ஜல்லடை இருந்தால் கழற்றிவிட்டு, மெல்லிய தாரையாக விளிம்பு வரை பிடித்து மூடுங்கள். குப்பியைக் கவிழ்த்தால் ஒரு குமிழிகூட ஏறக் கூடாது. ஐஸ் வைத்து அனுப்புங்கள். போர்வெல் வாயில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று, ரெண்டும் வேண்டும். மாடித் தொட்டியில் நின்ற தண்ணீரில் கொஞ்சம் பறந்துபோயிருக்கும். பிளேட்டிங் ஷெட் என்பதால் குரோமியமும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

ஜாலஹள்ளி_அக்கா:
கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா தம்பி? நாங்கள் வருஷக்கணக்கில் அப்படித்தான்.

லேப்_ராத்திரி_ஷிஃப்ட்:
கிருமிக்குச் சரி அக்கா. இது கொதித்தால் தண்ணீரில் குறையும், ஆனால் போவது உங்கள் சமையலறைக் காற்றுக்கு. குளிக்கும்போது வெந்நீர் ஆவியிலும் அதே கதை. ஆர்ஓ சவ்வை மட்டும் நம்பாதீர்கள், இதைப் பிடிப்பதில் பெரிய வேலை கார்பன் ஃபில்டருக்குத்தான். அதை நேரத்துக்கு மாற்றாவிட்டால் பிடித்து வைத்ததையே திருப்பி விடும்.

தாசரஹள்ளிக்காரன்:
ரொம்ப நன்றி சார். ரிப்போர்ட் வந்தால் எந்த எண்ணோடு ஒப்பிடுவது?

லேப்_ராத்திரி_ஷிஃப்ட்:
நம்ம நாட்டுக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ல் ட்ரைகுளோரோஎத்திலீனுக்குத் தனி வரம்பே இல்லை, அதனால் 'ஐஎஸ் தரத்துக்கு உட்பட்டது' என்று ஓனர் நீட்டும் தாளுக்கு இங்கே மதிப்பில்லை. அமெரிக்காவில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 8. 'பிடிஎல்' (கருவி கண்டறியும் அளவுக்குக் கீழே) என்று போட்டிருந்தால் சந்தோஷப்படும் முன் எவ்வளவுக்குக் கீழே என்று கேளுங்கள். கருவி 50-க்கு மேல்தான் காட்டும் என்றால் அந்த ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். முன்கூட்டியே கேட்டால் சண்டை மிச்சம்.