வருடா வருடம் உம்ரா: இபாதத்தா, பழக்கமா?

கப்பித்தான்_பள்ளிப்_பக்கம்

அஸ்ஸலாமு அலைக்கும். போன வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் ஒரு கடை முதலாளி உம்ராவுக்கு, அதாவது ஹஜ்ஜு அல்லாத மக்கா யாத்திரைக்கு, பயணம் சொல்லிக்கொண்டிருந்தார். "உம்ராவுக்குப் போறேன், தப்பு ஏதும் இருந்தா பொறுத்துக்குங்க" என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்தார். நல்ல வழக்கம்தான். ஆனால் அவர் நாசி கந்தார் சோற்றுக் கடையில் தட்டு கழுவுகிற ராமநாதபுரத்துத் தம்பியும் அங்கே நின்றான். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அவன் கையையும் பிடித்தார். அவன் வேறென்ன சொல்வான்? "பொறுத்துட்டேன் முதலாளி" என்றான்.

ஹஜ்ஜு ஆயுளில் ஒரு தடவை கடமை, அதில் எனக்குப் பேச்சில்லை. வருடா வருடம் உம்ரா போகிறவர்களுக்கு உள்ளத்தில் என்ன மாறுகிறது என்பதுதான் கேள்வி.

ஜெலுத்தோங்_லாத்தா

வ அலைக்குமுஸ்ஸலாம். சம்பளத்தைப் பிடித்து வைத்தது அந்த ஆளின் குற்றம். அதை ஏன் உம்ரா தலையில் கட்டுகிறீர்கள்? அவர் தொழவும்தான் செய்கிறார், அதற்காகத் தொழுகையைக் குறை சொல்வோமா?

ஓர் உம்ராவிலிருந்து அடுத்த உம்ரா வரை நடந்த பாவங்களுக்கு அது பரிகாரம் என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்பிலும் இருக்கிறது. அடுத்த உம்ரா என்று ஒன்று இருக்கும் என்பதை வைத்துத்தானே அந்தப் பேச்சே.

என்ன மாறுகிறது என்று கேட்டீர்கள். தவாஃபில், கஃபாவை ஏழு தடவை சுற்றும்போது, முதல் சுற்றில் முழங்கையால் இடிக்கிறவர் மேல் எரிச்சல் வரும். செருப்பை எங்கே வைத்தோம் என்ற யோசனை ஓடும். நாலாவது சுற்றில் யார் இடித்தார் என்றே தெரியாது. ஏழாவது முடிந்து நிற்கும்போது, கேட்க எழுதிக்கொண்டு போன துஆவெல்லாம் மறந்து ஒன்றே ஒன்றுதான் வாயில் வரும். அது என்ன என்று எழுத மாட்டேன். வீட்டில் முஸல்லாவை (தொழுகை விரிப்பை) விரித்தும் முயற்சி செய்திருக்கிறேன், வரவில்லை.

பட்டர்வொர்த்காரன்

லாத்தா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலில் எழுதியிருப்பதையும் பாருங்கள்.

பிஷ்ர் என்ற பெரியாரிடம் ஒருவர் ஹஜ்ஜுக்குப் பயணம் சொல்ல வந்தார். கையில் 2,000 திர்ஹம். எதற்காகப் போகிறாய் என்று கேட்டதற்கு அல்லாஹ்வின் பொருத்தத்துக்காக என்றார். அப்படியானால் இந்தப் பணத்தைக் கடன்பட்டவர், ஏழை, பிள்ளைகுட்டிக்காரர், யதீமை (அநாதையை) வளர்ப்பவர் என்று பத்துப் பேருக்குக் கொடு. கடமையான ஹஜ்ஜுக்குப் பின் செய்கிற நூறு ஹஜ்ஜைவிட அது மேல் என்றார் பிஷ்ர். வந்தவர் உண்மையைச் சொல்லிவிட்டார்: "என் மனம் பயணத்தைத்தான் கேட்கிறது." பிஷ்ர் சிரித்துவிட்டு, அழுக்கான வியாபாரத்தில் சேர்ந்த காசு இப்படித்தான், நஃப்ஸ் (மன இச்சை) தன் ஆசையைத் தீர்த்துக்கொள்ளும், வெளியே நல்ல அமலாகத் தெரியும் என்றாராம்.

கடை முதலாளிக்கென்றே சொன்ன மாதிரி இல்லை?

செலாயாங்_மருமகன்

கோலாலம்பூரிலிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் எல்லோரும் ஹஜ்ஜு கைக்கெட்டின மாதிரி பேசுகிறீர்கள். மலேசியாவுக்குக் கிடைக்கிற ஹஜ்ஜு ஒதுக்கீடு சுமார் 31,600 பேர். ஹஜ்ஜுச் சேமிப்பு நிறுவனமான தாபுங் ஹாஜியில் 1,300 ரிங்கிட் போட்டுப் பதிந்துவிடலாம், ஆனால் இன்று பதிகிறவருக்கு முறை வர ஒரு ஆயுள் பத்தாது. 1963இல் அந்த நிறுவனம் தொடங்கியதே, நிலத்தையும் மாட்டையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய், திரும்பி வந்து வெறுங்கையோடு உட்கார்ந்தவர்களைப் பார்த்துத்தான். இப்போது காசு இருக்கிறது, இடம்தான் இல்லை. என் மாமியாருக்கு உம்ராதான் கதி. மூன்று தடவை போனார் என்று எண்ணுகிறவர்கள், அவர் ஹஜ்ஜுப் பட்டியலில் எந்த எண்ணில் நிற்கிறார் என்றும் கேளுங்கள்.

கப்பித்தான்_பள்ளிப்_பக்கம்

உங்கள் மாமியாரை நான் சொல்லவே இல்லை தம்பி.

இங்கே பினாங்கில் லெபோ அச்சே தெருப் பள்ளிவாசல் பக்கம் பழைய ஆட்கள் சொல்வார்கள். கெடாவிலிருந்தும் தென் தாய்லாந்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே தங்கிக் கப்பல் ஏறுவார்கள். ஹாஜிகள் கப்பலில் போய் இறங்கும் ஜித்தாவை வைத்து, இரண்டாவது ஜித்தா என்றே அந்தத் தெருவுக்குப் பெயர். போனால் திரும்புவோமா என்று தெரியாது, அதனால் கடனை அடைத்து, வஸிய்யத் (உயில்) எழுதிவிட்டுப் போனார்கள். இப்போது விமானத்தில் ஒன்பது மணி நேரம் சொச்சம். வஸிய்யத் எழுதுகிறவர் யார்? ஹஜ்ஜில் கெட்ட பேச்சும் சண்டையும் கூடாது, கட்டுச்சாதத்தில் சிறந்தது தக்வா (இறையச்சம்) என்கிறது குர்ஆன் (2:197). பெட்டியில் உடுப்பு, மருந்து, சம்பல் பாக்கெட் எல்லாம் ஏறுகிறது. அது ஏறுகிறதா?

ஜெலுத்தோங்_லாத்தா

கஷ்டப்பட்டுப் போனால்தான் தக்வா என்று யார் சொன்னது? நீங்கள் பார்த்தது ஒரு முதலாளியை. என் பக்கத்து வீட்டு அம்மா காலையில் குவே பலகாரம் விற்றுச் சேர்த்துப் போகிறார், ஒருத்தர் கடனும் வைக்காமல்.

பிஷ்ர் கதையும் ஒரு பக்கம்தான் சொல்கிறது. போகாமல் மிச்சம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் அந்தக் காசை யதீமுக்கா கொடுக்கிறார்கள்? கார் மாற்றும்போது கேட்காத கேள்வியை உம்ரா என்றதும் கேட்கிறோம். நபி (ஸல்) அவர்கள் நான்கு உம்ரா செய்தார்கள்.

பட்டர்வொர்த்காரன்

கார் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த நான்கில் முதலாவது எது லாத்தா? ஹிஜ்ரி 6இல், மக்காவுக்குப் பக்கத்து ஹுதைபிய்யா. மக்காவுக்குள் விடவில்லை. கஃபாவைப் பார்க்காமலே, அங்கேயே பிராணிகளை அறுத்துத் தலை மழித்துத் திரும்பினார்கள். தவாஃபும் இல்லை, ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடக்கிற ஸஃயும் இல்லை. ஆனாலும் அதையும் சேர்த்துத்தான் நான்கு என்று எண்ணுகிறோம். போய்ச் சேர்ந்ததில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் அது கணக்கில் வந்திருக்காது.

ஜெலுத்தோங்_லாத்தா

யாத்திரைக்கான இஹ்ராம் கட்டி, வீட்டை விட்டுக் கிளம்பி, எல்லை வரை போனவர்கள் அவர்கள். வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் இல்லை. அப்புறம் அடுத்த வருடமே திரும்பப் போனார்கள், அதையும் எழுதியிருக்கலாமே பாய்.

கப்பித்தான்_பள்ளிப்_பக்கம்

இஷாவுக்கு நேரமாகிவிட்டது. அந்தத் தம்பிக்கு இன்றுவரை சம்பளம் வரவில்லை. முதலாளி மதீனாவிலிருந்து படம் அனுப்பியிருக்கிறாராம். வந்ததும் பள்ளிக் கமிட்டியில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கேட்கப் போகிறோம். யாராவது வருகிறீர்களா?

ஜெலுத்தோங்_லாத்தா

என் வீட்டுக்காரரை அனுப்புகிறேன்.