ஹாலில் டிஜிட்டல் ஸ்லாட் கார்: முதல் சில மாதங்களில் உங்களுக்கு என்ன நடந்தது?

கே.கே. நகர்

2024-இல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுக் கார் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் பையன் ஹால் தரையில் சாக்பீஸால் டிராக் வரைய ஆரம்பித்துவிட்டான். அந்தப் பாதை 3.5 கிலோமீட்டர். 1:32 அளவில், அதாவது 32-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 109 மீட்டர் வேண்டும், எங்கள் ஹாலோ மொத்தமே 5 மீட்டர். கடைசியில் ஸ்லாட் கார், அதாவது டிராக்கில் உள்ள பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார், இரண்டு கார், இரண்டு கன்ட்ரோலர் உள்ள ஒரு டிஜிட்டல் செட் வாங்கினேன். நான்கு மாதம் ஆகிறது. புதிதாக வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன், உங்கள் பகுதியின் பெயரை மேலே போட்டு உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

கார் ஓடும் பள்ளம் ஒவ்வொன்றும் ஒரு லேன். பழைய அனலாக் செட்டில் ஒரு லேனுக்கு ஒரு கார்தான். கன்ட்ரோலரை அழுத்த அழுத்த அந்த லேனுக்குப் போகும் வோல்டேஜ் கூடும், அவ்வளவுதான். டிஜிட்டலில் பள்ளத்தின் இருபுறமும் உள்ள உலோகத் தண்டவாளம் இரண்டிலும் எப்போதும் முழு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதோடு சேர்ந்து ‘இந்த எண் கார் இவ்வளவு வேகம் போ’ என்ற கட்டளையும் போகும், காருக்குள் இருக்கும் சிப் தன் எண்ணுக்கு வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே லேனில் மூன்று கார் ஓடினாலும் ஒவ்வொன்றையும் தனியாக ஓட்ட முடிகிறது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பையனின் காருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து, லேன் மாறும் துண்டுக்குச் சற்று முன் கன்ட்ரோலரில் உள்ள லேன் மாற்றும் பட்டனை அழுத்திப் பிடித்தாரே, அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. காரின் அடியில் உள்ள அகச்சிவப்பு விளக்கை டிராக்கில் உள்ள கண் (சென்சார்) பார்க்கிறது, ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம், ரயில் பாதை பிரியும் இடத்தில் திரும்புவது போல ஒரு சிறு நாக்கு திரும்புகிறது, கார் அடுத்த லேனுக்குப் போய்விடுகிறது. அடுத்த வளைவில் அவர் முன்னால். பையன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு டிராக் பக்கத்தில் படுத்து, அந்த நாக்கு திரும்புவதையே பத்து தடவை மாற்றச் சொல்லிப் பார்த்தான்.

சரி, தொல்லைக்கு வருவோம். இரண்டாவது வாரமே கார்கள் திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தன. சிப் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். காரைத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் பள்ளத்தில் இறங்கும் கைடு இருக்கும், அதன் இருபுறமும் பின்னல் போல மெல்லிய கம்பி இருக்கும், பிரஷ் என்பார்கள், அதுதான் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பது. அது சப்பையாகி, தூசி ஏறிக் கறுத்துப் போயிருந்தது. நுனியை லேசாக விரித்து, கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்துவிட்டேன். பின் அச்சில் வீட்டுப் பெண்களின் தலைமுடி நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது, அதை இடுக்கியால் எடுக்கவே இருபது நிமிஷம் ஆயிற்று. அப்புறம் எந்தக் கோளாறும் இல்லை. டிஜிட்டலில் ஒரு நொடி தொடர்பு விட்டுப்போனால் மின்சாரத்தோடு கட்டளையும் போய்விடும், அதனால் அனலாக்கைவிட இதற்குச் சுத்தம் அதிகம் தேவை.

இன்னொன்று எங்கள் வீட்டுக்கே உரியது. சமையலறை ஹாலோடு சேர்ந்தது, வடை சுட்ட அன்று மாலையில் டயர் வழுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தெரியும். பழைய வேட்டித் துணியால் டிராக்கைத் துடைத்துவிட்டு, டயரை மாஸ்கிங் டேப்பின் பசைப் பக்கத்தில் உருட்டி எடுத்தால் பிடிப்பு திரும்பி வந்துவிடும்.

திருவான்மியூர்

எங்கள் வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. உப்புக் காற்றில் கேட் கீலே நிற்காது, தண்டவாளம் எம்மாத்திரம்? மழைக்காலத்தில் மூன்று வாரம் விரித்தபடியே விட்டிருந்தோம், ஓரங்களில் செம்பழுப்பாகப் புள்ளி விழுந்துவிட்டது. எல்லா டிராக்கும் ஒரே உலோகம் இல்லை, சிலவற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது ஆடி முடித்ததும் தையல் மெஷின் ஆயிலைத் துணியில் ஒரே ஒரு சொட்டு தொட்டு உலோகத்தின் மேல் மட்டும் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வைக்கிறோம். அடுத்த முறை ஓட்டும் முன் அதை நன்றாகத் துடைத்து எடுக்க வேண்டும், டயரில் பட்டால் வளைவில் கார் பறந்துவிடும்.

போரூர்

நான் சொல்ல வேண்டியது அடாப்டரைப் பற்றி மட்டும். மச்சினர் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஆசையாக ஒரு செட் கொண்டுவந்தார். இரவு பதினோரு மணிக்குப் பிள்ளைகள் தூங்காமல் காத்திருக்க, பிரித்து, பூட்டி, பிளக்கைச் சொருகியதும் கருகிய வாசனை. அடாப்டரின் பின்னால் பொடி எழுத்தில் 120 வோல்ட் என்று இருந்தது, நம் வீட்டில் வருவது 230. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவேளை, கன்ட்ரோல் யூனிட் தப்பித்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி ஸ்ட்ரீட்டில் 230 வோல்ட்டில் சொருகக்கூடிய, ஆனால் வெளியே தரும் வோல்ட் பழைய அடாப்டரைப் போலவே உள்ள, ஆம்பியர் அதற்குக் குறையாத ஒன்றாகப் பார்த்து வாங்கி, பின்னின் பிளஸ் மைனஸ் சரியா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் சொருகினேன். வெளிநாட்டிலிருந்து யார் கொண்டுவந்தாலும் முதலில் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

அயனாவரம்

எனக்கு வயது அறுபத்திரண்டு. சென்னைக்குப் பக்கத்தில் நடந்த சோழவரம் கார் ரேஸுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போனவன். லண்டனில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் செட்தான் எங்கள் தெருவுக்கே திருவிழா. 1957-இல் பிரெட் பிரான்சிஸ் என்ற ஆங்கிலேயர் அறிமுகப்படுத்தியது அது. அந்தக் கார்களை இன்னும் பரணில் வைத்திருக்கிறேன். பேரனுக்கு டிஜிட்டல் வாங்கியதும் அதையும் இதில் ஓட்டலாமே என்று எடுத்தேன், மருமகள் கையேட்டைக் காட்டித் தடுத்தாள். சிப் இல்லாத காருக்கு டிராக்கில் இருக்கும் முழு மின்சாரமும் நேராக மோட்டாருக்குப் போகும். அதே போல, காரெரா என்ற இன்னொரு கம்பெனியின் டிராக்கும் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் டிராக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது, சிப்பும் வேறு. எந்தப் பக்கம் போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். காலை பத்து மணிக்கு ஆடினால் பால்கனி பக்கத்து லேன் சேஞ்சர் (லேன் மாறும் துண்டு) மட்டும் பாதி நேரம் வேலை செய்வதில்லை. மாலையில் ஒழுங்காக இருக்கிறது. ஏன்?

கே.கே. நகர்

ஐயா, அந்த நேரத்தில் அங்கே வெயில் நேராக விழுகிறதா என்று பாருங்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, டிராக்கின் கண் குழம்பிப்போகும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், திரைச்சீலையை இழுத்துவிட்டதும் சரியாகிவிட்டது.

பேரன் சின்னவன் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். பல செட்டுகளில் ஒவ்வொரு காருக்கும் உச்ச வேகத்தைத் தனியாகக் குறைத்து வைக்கலாம். என் தங்கை மகளுக்கு ஐந்து வயது, முதலில் அவள் கார் ஒவ்வொரு வளைவிலும் வெளியே விழுந்தது, மூன்றாவது முறை அழுதுகொண்டே போய்விட்டாள். வேகத்தைப் பாதியாக்கியதும் கன்ட்ரோலரின் வேக விசையை முழுக்க அழுத்தினாலும் கார் விழவில்லை. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் வேகமாக ஓட்டி விழுந்து, காரை எடுத்து வைப்பதற்குள் அவள் நிதானமாகக் கடந்து போய்விடுவாள். போன வாரம் பத்துச் சுற்றுப் பந்தயத்தில் ஜெயித்தது அவள்தான்.

அயனாவரம்

வெயில்தான் தம்பி. இப்போதுதான் போர்வையைக் கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தேன், எட்டு முறை அழுத்தினேன், எட்டு முறையும் திரும்பியது. பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து வரட்டும்.