புதுப்பிப்பு: யாங்கோன் ஞாயிறு பள்ளி, ஒரு வாரத்துக்குப் பிறகு

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: வீட்டில் பர்மிய மொழி பேசி வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேத பாடத்தைத் தமிழில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று. ஊழியத்துக்கு வந்து மூன்றே மாதமான எனக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. பர்மிய எழுத்தும் க வரிசை, ச வரிசை என்றுதான் போகிறது. அவர்களுக்குக் க-வில் தொடங்கி ங-வில் முடிய ஐந்து எழுத்து, நமக்கு இரண்டு. பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும், கன்னத்தில் தனக்கா (இங்கே மரப்பட்டையை அரைத்து முகத்தில் இடும் பூச்சு) பூசிய ஒரு சின்னப் பெண், "அண்ணா, நமக்குக் கம்மிதானே!" என்று எழுந்து நின்றுவிட்டாள். அப்புறம் வகுப்பே மாறிவிட்டது.

ர மட்டும் இன்னும் சிரமம். இங்கே அது பெரும்பாலும் ய ஆகத்தான் ஒலிக்கும். ரங்கூன் யாங்கோன் ஆனதும் அப்படித்தான். ராஜா 'யாஜா' ஆகிறார். நான் திருத்தவில்லை, ஜெபத்தில் அது கேட்க அழகாகவே இருக்கிறது.

புதன்கிழமை மூன்றே பேர் வந்தார்கள், மனசு சோர்ந்தது. 1813-இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூவரோடும் முழுப் பாடமும் நடத்தினேன்.

நேற்று அந்தச் சின்னப் பெண் 'மேய்ப்பர்' என்று தானாக எழுதி, தாளை அவள் பாட்டியிடம் கொடுத்தாள். பாட்டி அதை மடித்து லுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.