[கலைச்சொல்] சூரியன் தலைக்குமேல் வரும் நாளுக்குத் தமிழில் என்ன போடுவது? வெள்ளிக்குள் தேவை

பினாங்கு, இயற்பியல் முதுகலை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் தொடக்கத்தில் எங்கள் துறையிலிருந்து தீவிலும் பெருநிலத்திலும் உள்ள சில தமிழ்ப்பள்ளிகளுக்குப் போகிறோம். பகல் நிகழ்ச்சி என்பதால் நட்சத்திரம் காட்ட வழியில்லை, சூரியன்தான் கதி. நல்லவேளையாகப் பினாங்கில் ஏப்ரல் 3 வாக்கில் சூரியன் நேர் தலைக்குமேல் வருகிறது. (கோலாலம்பூருக்கு அது மார்ச் 28 வாக்கில் வந்துபோய்விடும். இரண்டு ஊருக்கும் செப்டம்பரில் இன்னொரு முறை உண்டு.) திடலில் ஒரு மீட்டர் கோலை நட்டு, நிழல் சுருங்கிச் சுருங்கிக் கோலடிக்குள் போவதைப் பிள்ளைகளைக் கொண்டே அளக்க வைக்கலாம் என்று ஆண்டு 5க்கு ஒரு பயிற்றி தயாரித்திருக்கிறோம்.

மலாய்ப் பயிற்றியில் 'ஹாரி தன்பா பாயாங்' என்று போட்டாகிவிட்டது. தமிழில் 'நிழலில்லா நாள்' என்று எழுதினேன், தமிழ்நாட்டு நாளிதழ்களில் பார்த்த சொல். அதைப் படித்துக் காட்டியபோது என் மேற்பார்வையாளர் ஒரு கேள்வி கேட்டார்: "நிழல் இல்லையா? அப்படியானால் என் தொப்பிக்குக் கீழே கழுத்து ஏன் சுடவில்லை?" நிழல் இருக்கிறது, பக்கவாட்டில் நீளவில்லை, அவ்வளவுதான். அப்புறம் அது முழு நாளும் கிடையாது, சில நிமிடங்கள். ஆக 'இல்லா' தப்பு, 'நாள்' தப்பு. என்ன போடலாம்? வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும்.

ஈப்போ, பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகளே, இந்தக் கேள்விக்கு நெடுநல்வாடையே விடை வைத்திருக்கிறது. பாண்டியனுக்கு அரண்மனை கட்ட மனை வகுக்கும் இடத்தை எடுத்துப் பாருங்கள்:

'விரிகதிர் பரப்பிய வியல்வாய் மண்டிலம்
இருகோல் குறிநிலை வழுக்காது குடக்குஏர்பு
ஒருதிறம் சாரா அரைநாள் அமயத்து'

இரண்டு கோல் நட்டு, ஞாயிறு எந்தப் பக்கமும் சாராத நண்பகலில் நூலறி புலவர் கயிறு பிடித்துத் திசை குறித்தார்கள். நச்சினார்க்கினியர் உரையில் அது சித்திரைத் திங்கள் என்றும் வருகிறது. மதுரையில் ஞாயிறு தலைக்குமேல் வருவது எப்போது என்று நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். 'ஒருதிறம் சாரா' என்று நக்கீரர் பாடியது வெறும் நண்பகலை அன்று, நீங்கள் காட்டப்போகும் இந்த நாளைத்தான் என்பது என் துணிபு. ஆகவே சொல்: 'சாராநிழல்'. நிழல் உண்டு, ஆனால் எப்பக்கமும் சாயாது. உங்கள் மேற்பார்வையாளரின் கழுத்துக்கும் பழுதில்லை.

கோலாலம்பூர், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, சொல் அழகுதான். ஆனால் 'சாரா' என்றால் இன்றைக்குப் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அரசாங்கம் மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், போடும் உதவித்தொகைதான். அரிசி, எண்ணெய் வாங்குகிற பணம். 'சாராநிழல் நாள்' என்று பள்ளியிலிருந்து கடிதம் போனால் பெற்றோர் மைகார்டோடு வந்து வரிசையில் நிற்பார்கள்.

கிண்டலை விடுங்கள். 'நிழலில்லா நாள்' ஏற்கெனவே புழங்குகிறது, தேடினால் கிடைக்கிறது, பிள்ளைக்கு உடனே புரிகிறது. கிடைத்த சொல்லை எடுத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாமே.

ஈப்போ:

உதவித்தொகைக்குப் பயந்து சங்கச்சொல்லை விடுவதா? 'புலனம்' என்று வாட்சாப்புக்குப் பெயர் வைத்தபோதும் இப்படித்தான் சிரித்தீர்கள். இன்று நம் நாட்டில் பிள்ளைகூடப் 'புலனத்தில் அனுப்பு' என்கிறது.

பட்டர்வொர்த், தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

புலனம் நிலைத்ததற்குக் காரணம் அதை நாளுக்கு நூறு தடவை சொல்கிறோம். இந்தச் சொல் ஆண்டுக்கு இரண்டு தடவைதான் வாயில் வரும். அதனால் முதல் தடவை கேட்டதுமே புரிந்தாக வேண்டும். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அறிவியலில் பிள்ளைகள் 'சார்பு மாறி' (இன்னொன்றைச் சார்ந்து மாறும் அளவு) படிக்கிறார்கள். 'சாராநிழல்' என்று தலைப்பு போட்டால், "இந்த நிழல் எதைச் சாரவில்லை, டீச்சர்?" என்று நிச்சயம் ஒருவன் எழுந்து கேட்பான். என்னிடம் பதில் இல்லை.

எனக்குச் சொல்லைவிடப் பெரிய கவலை நேரம். பயிற்றியில் 'பிற்பகல் 1.22' என்று போட்டிருக்கிறீர்கள். நண்பகல் என்றால் 12 மணி என்றுதானே பாடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? அதோடு 1.22க்குப் பள்ளிவேன்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். வேன்காரரிடம் சூரியன் இன்னும் வரவில்லை என்று சொல்ல முடியாது.

பினாங்கு, மாணவி:

டீச்சர், 1.22 சரிதான். நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, பினாங்கு இருப்பதோ 100 பாகைக்குச் சற்றுக் கிழக்கே. பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால் 79 நிமிடம் பிந்துகிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஒரே சீராக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஏப்ரல் தொடக்கத்தில் இன்னும் 3 நிமிடம் சேரும். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை சபா, சரவாக்குடன் ஒப்ப அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன்பு என்றால் உங்கள் பிள்ளைகள் 12.52க்கே பார்த்துவிட்டு நிம்மதியாக வேன் ஏறியிருப்பார்கள்.

ஐயா, உங்கள் கணக்கையும் போட்டேன். மதுரையில் சூரியன் தலைக்குமேல் வருவது இப்போது ஏப்ரல் 16 வாக்கில். சித்திரை பிறந்து மூன்றாம் நாள்! எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. ஆனால் ஒரு சிக்கல். அந்தப் பாட்டில் கோல் நட்டது திசை காண்பதற்கு. நிழல் கோலடிக்குள் போய்விட்டால் அந்த நேரத்தில் அது வடக்கையும் காட்டாது, தெற்கையும் காட்டாது. திசை பார்க்க ஆண்டிலேயே ஆக மோசமான நண்பகல் அதுதான். மனை வகுக்கும் புலவர் அந்த நாளையா தேர்ந்தெடுப்பார்?

ஈப்போ:

காலையிலும் மாலையிலும் நிழல் நுனி விழும் இரண்டு புள்ளிகளைக் கயிற்றால் இணைத்தால் கிழக்கு மேற்கு கிடைக்கும். நண்பகல் நிழல் எதற்கு? 'இருகோல் குறிநிலை' என்பது அதுவே. மேலும் 'சாரா' என்பதன் எழுவாய் 'மண்டிலம்', அதாவது ஞாயிறு, நிழல் அன்று. மண்டிலம் வடதிறமும் சாராது தென்திறமும் சாராது என்று கொள்ள இலக்கணத்தில் தடை எதுவும் இல்லை.

கிள்ளான், 'தனித்தமிழ்' அன்பர்:

தடை இல்லைதான், ஆனால் எழுவாய் மண்டிலம் என்று நீங்களே ஒப்புக்கொண்டபின் 'சாராநிழல்' எப்படி வரும்? சாராதது ஞாயிறு. 'சாராஞாயிறு' என்றல்லவா ஆகவேண்டும்.

என் கருத்து வேறு. 'நிழல்' என்பதன் வேரே நீட்சி. நீள், நீழல், நிழல். நீண்டால்தான் நிழல். நீளாதபோது அது நிழலே அன்று. ஆகவே 'நிழலில்லா' என்பதில் பொருட்பிழை கிடையாது, மேற்பார்வையாளரின் கேள்விதான் பிழை. 'நாள்' என்பதை மட்டும் மாற்றி, பாட்டிலேயே உள்ள 'அமயம்' சேர்த்து 'நிழலில் அமயம்' என்று வைக்கலாம்.

கோலாலம்பூர், மொழிபெயர்ப்பாளர்:

'நிழலில் அமயம்' என்றால் நிழலுக்குள் இருக்கும் நேரம் என்றுதான் எவரும் படிப்பார். நேர் எதிர்ப்பொருள். அப்புறம் 'அமயம்' வடசொல்லான 'சமயம்' தலையிழந்து வந்தது என்பார்களே?

கிள்ளான்:

யார் என்பார்? 'அமை' என்னும் வினையிலிருந்து வந்த தூய தமிழ்ச்சொல். பொருந்தி அமையும் பொழுது அமயம். தமிழில் சகரம் கெட்டு நின்றால் உடனே வடமொழியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவது நமக்குப் பழகிப்போன அடிமைப்புத்தி. இதைப்பற்றி விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

(இதைத் தொடர்ந்து 'அமயம்' பற்றி வந்த மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பயிற்றியைப் பற்றி மட்டும் எழுதவும். – மட்டுறுத்துநர்)

பெட்டாலிங் ஜெயா, பொறியாளர்:

தாமதமாக நுழைகிறேன். தோட்டத்தில் எங்கள் பாட்டி 'உச்சிப்பொழுது' என்று சொல்லுவார், 'உச்சிவெயில்ல வெளியே போகாதே' என்பார். மலாயில் இதற்கு 'ரெம்பாங்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. சூரியன் தலைக்குமேல் நிற்பது ரெம்பாங். நமக்கு உச்சி இருக்கும்போது நிழலை ஏன் பிடித்துத் தொங்கவேண்டும்? 'உச்சி ஞாயிறு நாள்'.

இன்னொன்று. மே 28 மாலை 5.16க்கும் ஜூலை 16 மாலை 5.28க்கும் சூரியன் மக்காவில் கஃபாவுக்கு நேர்மேலே நிற்கும். அந்த நிமிடத்தில் இங்கே நட்ட கோலின் நிழலை வைத்துக் கிப்லா திசையை, அதாவது முஸ்லிம்கள் தொழும்போது நோக்கும் திசையை, சரிபார்ப்பார்கள், என் மலாய் நண்பர் வீட்டுவாசலிலேயே செய்து காட்டினார். அங்கே நிழல் ஒடுங்கும்போது இங்கே நிழல் திசை சொல்கிறது. பந்தாய் ஆச்சேவில் ஷேக் தாஹிர் வானியல் மையம் உங்களுக்குப் பக்கம்தானே? பயிற்றியில் இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

பட்டர்வொர்த், ஆசிரியை:

'உச்சி ஞாயிறு' என்றால் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொள்வார்கள். பெரியவர்களோ சோதிடத்தில் போய் நிற்பார்கள். சூரியன் மேட ராசியில் உச்சம் அல்லவா, அதுவும் இதே சித்திரையில்! ஏற்கெனவே கிரகணத்தன்று பிள்ளையை வெளியே விடமாட்டோம் என்கிற பெற்றோர் இருக்கிறார்கள். 'உச்சம்' என்று எழுதி வம்பை விலைகொடுத்து வாங்க வேண்டாம். கிப்லா பெட்டிச் செய்தி மட்டும் அருமை.

ஈப்போ:

நிழல் அடங்குகிறது என்பதால் 'நிழலடக்கம்' என்று யாராவது சொல்லும் முன் நானே தடுத்துவிடுகிறேன். நாளிதழில் 'நல்லடக்கம்' அறிவிப்புப் படிக்கிற நாட்டில் அது வேண்டாம்.

பெட்டாலிங் ஜெயா:

அதைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், ஐயா.

பினாங்கு, மாணவி:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவாகிவிட்டது, அதனால் நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன். தலைப்பு 'நிழலில்லா நேரம்'. 'நாள்' போய்விட்டது. 'இல்லா' இருக்கிறது, அதற்கு முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி வைத்துவிட்டேன்: 'நிழல் உண்மையிலேயே இல்லையா? குனிந்து கோலின் அடியைப் பார். எங்கே போனது?' சொல்லில் இருக்கும் ஓட்டையைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். மேற்பார்வையாளருக்கும் இது பிடித்திருக்கிறது.

உச்சியை விடவில்லை. இரண்டாம் பக்கத்தில் 'சூரியன் உச்சியில் நிற்கும்போது' என்று வாக்கியத்துக்குள் வருகிறது. நெடுநல்வாடையின் மூன்று அடிகளும் கடைசிப் பக்கத்தில் உண்டு, கிப்லா பெட்டிக்கு மேலே.

கோலாலம்பூர்ப் பள்ளி ஒன்றும் அதே நாளில் கோல் நட ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே நண்பகல் ஐந்தாறு நிமிடம் முந்தி வரும், நிழல் தெற்கே விழும். ஒரு மீட்டர் கோலுக்கு 4 சென்டிமீட்டர் நிழல், அதாவது 2.3 பாகை. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இந்த இரண்டையும் வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டால் 40,000 கிலோமீட்டர் பக்கம் வரவேண்டும். ஆனால் சூரியன் புள்ளி இல்லை, அரைப்பாகை அகலம். அதனால் நிழலின் விளிம்பு 9 மில்லிமீட்டர் வரை மங்கித்தான் இருக்கும். எந்த இடத்தை நுனி என்று பென்சிலால் குறிப்பது என்பதில் பிள்ளைகள் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

டீச்சர், வேன் விஷயம் தலைமையாசிரியரிடம் பேசியாயிற்று. அன்று அரை மணி தாமதம் என்று பெற்றோருக்குப் புலனத்தில் தகவல் போகும்.

கிள்ளான்:

'நேரம்' என்பதற்கும் 'அமயம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தனி இழையில் எழுதியிருக்கிறேன். பார்க்கவும்.

ஈப்போ:

அச்சுக்குப் போனபின் சொல்வதால் பயனில்லை, இருந்தாலும் பதிவுக்காக: 'சாராநிழல்' என்பதே சரி. எங்கள் பகுதிப் பள்ளியில் ஏப்ரல் முதல் தேதி வாக்கில் நானே கோல் நடப்போகிறேன், பலகையில் அந்தச் சொல்லைத்தான் எழுதுவேன். பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்போம்.

பட்டர்வொர்த், ஆசிரியை:

எழுதுங்கள் ஐயா, கேட்டதை எங்களுக்கும் சொல்லுங்கள். மாணவிக்கு ஒரு கேள்வி: கோல் செங்குத்தாக நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எங்கள் திடல் ஒரு பக்கம் சரிவு.

பினாங்கு, மாணவி:

கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு இருந்தால் போதும், டீச்சர். இல்லையென்றால் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம். கீழே ஒரு பலகையை மட்டமாக வைத்துக்கொண்டால் சரிவும் தொல்லை தராது. நூலும் நட்டும் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன்.