பதிவு இருந்தது, கைக்கு வரவில்லை: கண்காணிப்பு கேமராவோடு உங்கள் அனுபவம் என்ன?

குடியிருப்புச் செயலாளர், தாம்பரம்

எங்கள் குடியிருப்பில் மூன்று விதமான கருவிகள் இருக்கின்றன. வாயிலில் கட்டுநர் 2016-இல் மாட்டிக் கொடுத்த டி.வி.ஆர்., அதாவது கேமராக் காட்சியை ஹார்ட் டிஸ்கில் பதியும் பெட்டி. அடித்தள வாகன நிறுத்தத்துக்காகப் பின்னர் வாங்கிய என்.வி.ஆர்., நெட்வொர்க் கேமராக்களுக்கான அதே மாதிரிப் பெட்டி. பின்சுவரில் மெமரி கார்டு போட்ட வைஃபை கேமராக்கள். மூன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொல், வெவ்வேறு செயலி. இது உங்களுக்கும் பழகியதாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் இரவு, அடித்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் காவலாளியை ஒரு கார் பின்பக்கமாக வந்து இடித்துவிட்டுப் போய்விட்டது. தலையில் அடி, இடுப்பெலும்பு முறிவு. இரவுப் பணி முடிந்து வந்த குடியிருப்பாளர் ஒருவர் இரண்டு மணிக்கு அவரைப் பார்த்து ஆம்புலன்ஸ் அழைத்தார். என்.வி.ஆரில் இடித்த காட்சி இருந்தது. நேரம் 1.40. எண் தெரியவில்லை. எண் தெளிவாகத் தெரியும் கேமரா வாயிலில்தான். அதில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டே கால் வரை பென்டிரைவில் எடுத்தோம். அந்த நேரத்தில் வாயிலைக் கடந்த ஒரே கார், அவரைக் கண்டெடுத்த அதே மனிதருடையது. பதினோரு நாள் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தோம்.

பன்னிரண்டாம் நாள் காவலாளியின் மகள் வந்தார். காட்சியை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். "சார், இப்போது மணி பத்தேகால். இதில் பன்னிரண்டே முக்கால் என்று இருக்கிறதே?"

என்.வி.ஆர். சீன நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பை மாட்டியவர் மாற்றவே இல்லை. விபத்து நடந்தது 1.40-க்கு அல்ல, முந்தைய இரவு 11.10-க்கு. வாயில் டி.வி.ஆரில் 11.10-ஐத் தேடினால், அதில் மிகப் பழைய பதிவே ஒன்பது நாளுக்கு முந்தையது. மற்றது எல்லாம் அழிந்து அதன்மேல் புதிய பதிவு ஏறிவிட்டது.

அந்தப் பெண் காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்படியென்றால் அப்பா கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் தரையில் கிடந்தாரா?" என்று கேட்டார். இடித்த காட்சிக்குப் பிறகு யாரும் பதிவை ஓடவிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.


கேமரா வேலை, திருப்பூர்

செயலாளர் ஐயா, மனம் வருந்தாதீர்கள். மாட்டியவர்மீது மட்டும் பழியைப் போட முடியாது. மாதம் ஒரு முறை ஒருவர் திரையின் நேரத்தைப் பார்த்திருந்தால் போதும்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு. ஒரு மருந்துக் கடையில் டி.வி.ஆர். பழுது. கடையில் பணம் குறைவது தொடர்பாக ஒரு வாரப் பதிவு வேண்டும் என்றார்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் கணினியில் மாட்டினேன். "இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டது. செய் என்று அழுத்திவிட்டேன். இந்தக் கருவிகள் பெரும்பாலும் விண்டோஸுக்குப் புரியாத தங்கள் சொந்த முறையில் டிஸ்கில் எழுதுகின்றன. டிஸ்க் காலியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை, படிக்கத் தெரியவில்லை என்றுதான் பொருள். அது எனக்கு அன்று தெரியாது. வேலைக்கு வந்து நான்கு மாதமே ஆன ஒரு பையன்மீதுதான் சந்தேகம். கடை முதலாளி என்னைத் திட்டவில்லை. அந்தப் பையன் என் எதிரில் நின்று, "அண்ணா, அதில் நான் எடுக்கவில்லை என்று தெரிந்திருக்கும்" என்றான். நான் இன்னும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

இதைப் படிப்பவர்கள் சிலவற்றைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். "ஒரு மாதம் நிற்கும்" என்று விற்றவர் சொன்னதை நம்பாதீர்கள். கணக்கு எளியது. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிபி. எட்டு கேமராவுக்கு 345 ஜிபி. 2 டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. படத்தை இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.265 முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும், ஆனால் பழைய டி.வி.ஆர். பலவற்றுக்கு அது தெரியாது. அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் நாள் கூடும், ஆனால் தூரத்து அசைவு சில நேரம் விட்டுப்போகும். கணக்குப் போட விருப்பம் இல்லையென்றால் கருவியைத் திறந்து, மிகப் பழைய பதிவு எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் உண்மையான கெடு அதுதான்.

அடுத்தது நேரம். இணையம் உள்ள கருவியில் இணையத்தைப் பார்த்துத் தானே நேரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி. என்ற அமைப்பைப் போட்டு, நேர மண்டலத்தை +5.30 என்று வையுங்கள். இணையம் இல்லாத பழைய டி.வி.ஆருக்குள் ஒரு நாணய பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அது தீர்ந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி 2000-க்குப் போய்விடலாம். சில பத்து ரூபாய்ப் பொருள்.

இன்னொன்று. "ஆன்விஃப் இருக்கிறது, எல்லா நிறுவனக் கேமராவும் ஒன்றாகச் சேரும்" என்று சொல்லி விற்கிறார்கள். ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய பொதுத் தரம் அது. நல்ல முயற்சி. ஆனால் பெரும்பாலான கருவிகளில் உள்ள 'எஸ்' பிரிவு நேரடிக் காட்சிக்கானது. பழைய பதிவைத் தேடி எடுக்க 'ஜி' பிரிவு வேண்டும். ஆகையால் ஒரே திரையில் பதினாறு கேமராவும் தெரிவதைப் பார்த்துவிட்டு, பதிவும் ஒரே இடத்தில் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். சம்பவம் நடந்தால் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகப் போய் எடுக்க வேண்டும். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரமாவது எடுங்கள். செயலாளர் ஐயா முக்கால் மணி நேரத்தோடு நிறுத்தியதுதான் பிழை.


குடியிருப்புச் செயலாளர், தாம்பரம்

திருப்பூர் தம்பி சொல்வது சரி. ஆனால் அந்த டி.வி.ஆரில் முக்கால் மணி நேரத்தை நகலெடுக்கவே நாற்பது நிமிடம் ஆனது. ஆறு மணி நேரம் எடுங்கள் என்று எழுதுவது எளிது. அன்று எங்களில் பாதிப் பேர் மருத்துவமனையில் இருந்தோம்.


இளம் வழக்கறிஞர், திருநெல்வேலி

பதிவை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று மேலே இருவரும் நினைப்பதுபோல் தெரிகிறது. முடியவில்லை.

எங்கள் கட்சிக்காரரின் மதில் சுவரை இரவோடு இரவாக இடித்துவிட்டார்கள். எதிரே டீக்கடையில் கேமரா. கட்சிக்காரர் மறுநாளே போய்க் கடைத் திரையில் ஓடிய காட்சியைத் தன் கைப்பேசியில் படம் பிடித்து, எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டீ ஆற்றும் சத்தமும் யாரோ சில்லறை கேட்பதும்கூட அதில் கேட்கிறது. திரையின் மேல் மூலையில் இருக்க வேண்டிய தேதி, படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டுவிட்டது.

மூலப் பதிவையும் சான்றிதழையும் கேட்டு நான் கடைக்குப் போனேன். அண்ணாச்சி நல்ல மனிதர். டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. "தம்பி, எங்கள் அப்பா காலத்திலிருந்து கோர்ட் படி ஏறியதில்லை. நான் கையெழுத்துப் போட்டால் நாளைக்குச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். கடையை யார் பார்ப்பது?" என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனபோது சுவரில் புதிய கருவி இருந்தது. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாராம். எனக்குப் பயந்து மாற்றினாரா, உண்மையிலேயே பழுதா என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை.

மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 14-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உறுதி செய்தது. அந்த வழக்கே கேமராப் பதிவைப் பற்றியதுதான். மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் ஒரு வேட்புமனு, கெடுவான மாலை 3 மணிக்குப் பிறகு வாங்கப்பட்டதா என்பது கேள்வி. தேர்தல் அலுவலகப் பதிவு இருந்தது, பலமுறை கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. இப்படி மறுத்தால் நீதிமன்றத்தில் மனுச் செய்து வரவழைக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு வழி காட்டுகிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதில், பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. சான்றிதழ் இரண்டு பகுதி. ஒன்றில் தரப்பினர், மற்றதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது படத்தை மறுபடி சுருக்குகிறது, கைரேகை வேறாகிவிடும். ஆகவே திரையைக் கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். மூலக் கோப்பை அப்படியே எடுத்து, அன்றே ஹேஷ் எடுத்து எழுதி வையுங்கள்.


ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், சேலம்

வழக்கறிஞர் தம்பி, திரையைப் படம் பிடிக்காதீர்கள் என்றதை நான் ஏற்க மாட்டேன். முதலில் படம் பிடியுங்கள். பிறகு மூலத்தை எடுங்கள்.

ஒரு மூதாட்டியிடம் சங்கிலி பறித்துக்கொண்டு இருவர் ஓடினார்கள். தெரு நெடுக ஒவ்வொரு கடையாக ஏறினேன். பதினொரு கடை. ஒரு கடையில் கடவுச்சொல் கேமரா மாட்டியவருக்குத்தான் தெரியும், அவர் ஊரிலேயே இல்லை. ஒரு கடையில் கேமரா மட்டும் இருக்கிறது, பதிவே ஆகவில்லை. எட்டாவது ஒரு பாத்திரக் கடை. வண்டி எண் முழுதாகத் தெரியவில்லை, ஆனால் பின்னால் உட்கார்ந்தவன் திரும்பிப் பார்க்கிறான், முகம் அப்படியே தெரிகிறது. என்னிடம் இருந்தது 64 ஜிபி பென்டிரைவ். கருவி அதை ஏற்கவே இல்லை. பழைய டி.வி.ஆர். பல, பென்டிரைவை எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்திருந்தால்தான் ஏற்கும் என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். சின்ன பென்டிரைவோடு காலையில் வருகிறேன் என்று சொல்லிப் போனேன். காலையில் அந்த நேரம் அழிந்திருந்தது. திரையில் நின்ற முகத்தை நான் கண்ணால் பார்த்தேன், தம்பி. கைப்பேசி என் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கடையில் ஏறினாலும் மூன்று வேலை செய்தேன். என் கைப்பேசி நேரத்தையும் திரை நேரத்தையும் அருகருகே வைத்து ஒரு படம். வித்தியாசத்தைக் குறிப்பேட்டில் எழுதுவேன், "பாத்திரக் கடை 7 நிமிடம் பின், பேக்கரி 22 நிமிடம் முன்" என்று. பிறகு காட்சியைக் கைப்பேசியில் பிடிப்பேன். அதன்பிறகே பென்டிரைவ். நீதிமன்றத்தில் நிற்காவிட்டால் போகட்டும், ஆளைத் தேட உதவும் அல்லவா?


பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி

ஐயா, கடைக்காரர்களிடம் நீங்கள் இவ்வளவு பாடுபட்டீர்கள் என்பதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குக் கொடுத்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் 1 டிபி அளவுக்கு இடம் இருந்தும், பதிவு ஒவ்வொரு நாளும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. அத்தனை சேமிப்பு வசதி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. அழிவது எல்லாம் இடம் போதாமல் அழிவதில்லை.


ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், சேலம்

உண்மை, அம்மா. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.


மகள், தஞ்சாவூர்

என்னுடையது வழக்கு இல்லை. அப்பாவுக்கு மறதி நோய். ஒரு நாள் பின்னிரவில் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து வாய்க்கால் ஓரத்தில் கிடைத்தார். உயிரோடு இல்லை.

எதிர்வீட்டுக் கேமராவில் அவர் போவது இருந்தது. எதிர்வீட்டு மாமா அதை எடுத்துக் கொடுத்தார். அப்போது அவர்கள் கணினியில் ஒரே ஒரு முறை பார்த்தேன். தெருவிளக்கின் கீழே நின்று, தோளில் துண்டைச் சரிசெய்துகொள்கிறார். எங்கோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. பிறகு இடப்பக்கம் திரும்புகிறார். அவ்வளவுதான். மறுபடி பார்க்கும் துணிவு அன்று எனக்கு இல்லை.

மூன்று ஆண்டு ஆகிறது. இப்போது பார்க்க வேண்டும் போல இருக்கிறது. பென்டிரைவில் கோப்பு இருக்கிறது, டி.ஏ.வி. என்று முடிகிறது. என் கணினியிலும் திறக்கவில்லை, கைப்பேசியிலும் திறக்கவில்லை. எதிர்வீட்டில் அந்தக் கருவி இப்போது இல்லை. கோப்பு கெட்டுவிட்டதா?


கேமரா வேலை, திருப்பூர்

அக்கா, கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அது அந்தக் கருவிக்கே உரிய உறை. உள்ளே இருப்பது வழக்கமான படம்தான். முதலில் அந்தக் கோப்பை வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள், மூலத்தைத் தொடவே தொடாதீர்கள். பிறகு நகலை எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் கொடுத்து, படத்தை மறுபடி சுருக்காமல் உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றச் சொல்லுங்கள். அதன் புதிய பதிப்புகளுக்கு இந்த வகைக் கோப்பு தெரியும். மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்களில் ஏற்றாதீர்கள். அப்பாவின் படம் எங்கே போகும் என்று தெரியாது. கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் அருகில் இருந்தால் பத்து நிமிட வேலை. முடியவில்லை என்றால் சொல்லுங்கள், ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.


மகள், தஞ்சாவூர்

என் தம்பியின் மகன் செய்து கொடுத்தான். திறந்துவிட்டது. மொத்தம் 14 வினாடி. அப்பா செருப்பு போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார். வெறுங்காலோடு போனார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.