42 ஹேர்ட்ஸில மட்டும் குமுறின பெட்டி

சப், அதாவது ஆகக் கீழ்ச் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கருக்கு, வீட்டிலயே பெட்டி அடிச்ச ஆக்கள் நடந்ததை அப்பிடியே எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீங்கள். என்ரது இது.

திருகோணமலை உவர்மலையில எங்கட வீட்டுப் பின்பத்தியில வைச்சு 12 இஞ்சி சப் ஒண்டுக்குப் பெட்டி அடிச்சன். 18 மில்லிமீற்றர் எம்டிஎஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்யிறது), உள்ளளவு 36, 36, 44 சென்ரிமீற்றர். போர்ட்டுக்கு, அதாவது பெட்டிக் காத்து வெளிய வாற வழிக்கு, 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய், தண்ணிக்குப் போடுற அதே குழாய்தான். "20 சென்ரிமீற்றர் வெட்டி வையுங்கோ, எல்லாருக்கும் அதுதான்" எண்டு சாமான் வாங்கின கடையில சொல்லிச்சினம். நம்பி வெட்டினன்.

முதல் நாள் சத்தம் பெருசா வந்ததில சந்தோசம். ரெண்டாம் நாள் விளங்கீட்டுது, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரு இடத்தில மட்டும்தான் 'கும்' எண்டு அடிக்குது. பேஸ் கிற்றார் மேல இருந்து இறங்கி வந்து ஆகக் கீழ்த் தந்தியில நிக்கேக்க யன்னல் கண்ணாடி அதிரும். அதுக்குக் கீழ எதுவுமே இல்லை. அந்தத் தந்தியைச் சும்மா தட்டினா வாற சுருதி 41 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 41 அதிர்வு. பிறகுதான் கண்டன், என்ர பெட்டியின்ர சுருதியும் கிட்டத்தட்ட அதே இடம்.

அதைக் கண்டுபிடிச்ச விதத்தைச் சொல்லுறன், ஒரு சதமும் செலவில்லை. போனில ரோன் ஜெனரேற்றர் (ஒரே சுருதியில ஒலி தாற) செயலி ஒண்டை இறக்கி, 60 ஹேர்ட்ஸில தொடங்கி மெல்ல மெல்லக் கீழ இறக்குங்கோ. அம்ப் சத்தம் குறைவா இருக்கட்டும். ஒரு விரலைக் கோனில, அதாவது ஸ்பீக்கரின்ர ஆடுற கூம்பில, மெதுவா வைச்சிருங்கோ. இறங்கிக்கொண்டு போகேக்க ஒரு இடத்தில கோன் ஆட்டம் விட்டு அமைதியாகும், குழாய் வாயில மட்டும் காத்து பலமா அடிக்கும். அதுதான் பெட்டியின்ர சுருதி. எனக்கு அது 42இல நிண்டது. குழாய்க்குள்ள நிக்கிற காத்து ஒரு பாரம், பெட்டிக்குள்ள அடைபட்ட காத்து ஒரு ஸ்பிரிங். குழாய் நீண்டாப் பாரம் கூடும், சுருதி இறங்கும். வெறும் போத்தல் வாயில ஊதேக்க நடக்கிறதும் இதுதான். 1932இலயே அல்பேர்ட் துராஸ் இந்த முறைக்கு அமெரிக்காவில காப்புரிமை எடுத்திட்டார்.

பிறகு இருந்து கணக்குப் போட்டன். குழாயின்ர உள்விட்டம் 10.4 சென்ரிமீற்றர். அதை அதாலயே பெருக்கி, 23,562 ஆல பெருக்கி, வேணுமான ஹேர்ட்ஸின்ர வர்க்கத்தாலயும் பெட்டியின்ர லீற்றராலயும் பிரிக்கவேணும். வாற விடையில இருந்து விட்டத்தின்ர 0.73 பங்கைக் கழிச்சா நீளம் சென்ரிமீற்றரில வரும். சுருதியை 32 ஹேர்ட்ஸுக்கு இறக்க 42 சென்ரிமீற்றர் குழாய் வேணும் எண்டு வந்தது. லீற்றர் எண்டு சொல்லுறது வெறும் பெட்டியின்ர அளவில்லை, கவனம். என்ர பெட்டி 57 லீற்றர், அதில நீளக் குழாய் மட்டும் 4 லீற்றர் பிடிக்கும். ஸ்பீக்கரின்ர முதுகையும் குறுக்குச் சட்டத்தையும் கழிச்சா மிஞ்சுறது 50தான்.

44 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள்ள 42 சென்ரிமீற்றர் குழாயை நேரா வைக்கேலாது. உள் வாய்க்கும் சுவருக்கும் இடையில குழாயின்ர விட்டம் அளவுக்காவது வெளி வேணும், இல்லாட்டி மூச்சு முட்டும். எல்போ (வளைஞ்ச குழாய் மூட்டு) ஒண்டு போட்டு வளைச்சன், நடுக்கோட்டில நூல் பிடிச்சு நீளம் அளந்தன். முதல் ஒட்டாமச் செருகிக் கொஞ்சம் நீளமா வைச்சுப் பாத்து, பிறகு வாள் போட்டுக் குறைச்சன். கட்டையா வெட்டினதைத் திருப்பி நீட்டேலாது.

அப்பவும் ஒரு 'ஸ்ஸ்' சத்தம் விடேல்லை. ஊதுபத்தி கொளுத்தி மூட்டு மூட்டாக் கொண்டுபோனன். பின்பக்கக் கீழ் மூலைக்கு வந்தவுடன புகை துடிச்சு விலகிச்சுது. பாத்தா, கார்த்திகை மாரியில நிலத்து ஈரத்தைக் குடிச்சு எம்டிஎஃப் விளிம்பு பிஸ்கற் மாதிரி ஊதி நிக்குது. கடலோர ஊரில எம்டிஎஃபை வெறுமையா விடவே கூடாது.

திருக்கடலூரில வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுற அண்ணை ஒராளிட்டப் போனன். ஊதின இடத்தைச் சுரண்டிக் காயவிட்டு, உள் மூட்டெல்லாம் ஃபைபர் துணி வைச்சு ரெசின் பூசித் தந்தார். "கடல் தண்ணியே உள்ள வராது தம்பி, காத்து எங்கால போறது" எண்டார். இப்ப அந்தக் கிற்றார் இறங்கி வரேக்க ஒவ்வொரு படியும் தனித்தனியாக் கேக்குது. தவிலின்ர தொப்பியும் (தடியால அடிக்கிற கனத்த பக்கம்) குழையாமக் கேக்குது, எனக்கு அதுதான் பெரிசு.

நிலாவெளியில இருந்து இன்னொருத்தர்:

அண்ணா, ஒண்டை விட்டிட்டீங்கள். பெட்டியின்ர சுருதிக்குக் கீழ போனாக் கோனைப் பிடிக்க உள்ள காத்து இல்லை. என்ர வான் வண்டியில இருக்கிற பெட்டிக்கு 35 ஹேர்ட்ஸில சுருதி வைச்சு, 25 ஹேர்ட்ஸ் இருக்கிற பாட்டொண்டைச் சத்தமாப் போட்டன். 'டக் டக்' எண்டு கொயில் பின்தட்டில அடிச்சுது, மூண்டு நிமிசத்தில ஸ்பீக்கர் போட்டுது. அம்பில சப்சொனிக் பில்ற்றர் எண்டு, ஆகக் கீழ்ச் சத்தத்தை வெட்டுற ஒரு திருகி இருக்கு, அதைச் சுருதிக்குக் கொஞ்சம் கீழ வையுங்கோ. ரெசின் பூசி எத்தினை நாளால ஸ்பீக்கரைப் பூட்டினீங்கள்?

மூண்டு நாள் தம்பி. ஸ்பீக்கர் ஓட்டையைத் திறந்து வைச்சு, மணம் முழுக்கப் போனாப் பிறகுதான் பூட்டினன். சப்சொனிக்கை 28இல வைச்சிருக்கிறன்.