எருமைக் கிடாவுக்குத் திப்பியும் வைக்கோலும் போதுமா?

ஆத்தூர்க்காரன்: நாலு எருமைக் கிடா வளர்க்கிறேன். கறிக்குத்தான், பொள்ளாச்சிச் சந்தையில் கேரள வியாபாரிக்குக் கொடுப்பேன். சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து மரவள்ளித் திப்பி, அதாவது கிழங்கிலிருந்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை; கூடவே சொந்த வயல் வைக்கோல். இரண்டு மாதமாக இதுதான் தீனி. திப்பி வெறும் குப்பை என்று போன வாரம் ஒருவர் இங்கே எழுதினார். குப்பையைத் தின்றா இப்படி மினுமினுக்கும்?

பண்ணைக்குருவி: எழுதியது நான்தான். அதை மட்டும் போட்டால் குப்பை என்றேன். திப்பியில் இருப்பது மாவுச்சத்து; புரதம் நூற்றுக்கு 2, 3 இருந்தால் அதிகம். வைக்கோலில் 4. வளரும் கிடாவுக்கு 12 ஆவது வேண்டாமா? வயிறு பெருத்திருப்பதைச் சதை என்று நம்பாதீர்கள். முதுகைத் தடவிப் பாருங்கள்.

ஆத்தூர்க்காரன்: தடவினேன். எலும்பு தட்டுப்படத்தான் செய்கிறது. ஆனால் புண்ணாக்கு விற்கிற விலையில் அதை வாங்கிப் போட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? என் தாத்தா வைக்கோல் போட்டுத்தான் மாடு வளர்த்தார்.

களத்துமேடு: தாத்தா மாடு பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வந்திருக்கும் ஐயா. புண்ணாக்கு கட்டுப்படி ஆகாதென்றால் வைக்கோலைப் பதப்படுத்துங்கள். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடி 21 நாள். பிரிக்கும்போது நெடி கண்ணைக் கரிக்கும், ஆறவிட்டுப் போடுங்கள். புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். திப்பி மாவுச்சத்தும் அப்போதுதான் உடம்பில் ஒட்டும்.

பண்ணைக்குருவி: யூரியா யோசனையைச் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் ஊரில் ஒரு காளை வாளியில் மிச்சமிருந்த கரைசலைக் குடித்து, டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. கடலைக்கொடி கலந்தால் இந்த வம்பே இல்லை.

களத்துமேடு: அது வாளியைத் திறந்து வைத்தவன் தப்பு. கடலைக்கொடி வருஷம் முழுக்க யார் கொடுப்பார்கள்?

ஆத்தூர்க்காரன்: அண்டைத் தோட்டத்தில் கொஞ்சம் கிடைக்கும், கேட்கிறேன். திப்பியை நிறுத்த மாட்டேன். அப்புறம், ஒரு கிடா நேற்றிலிருந்து அசைபோடவில்லை. சாணம் தண்ணீராகப் போகிறது. அதுவும் தீனியாலா?

பண்ணைக்குருவி: ஈரத் திப்பியா? எத்தனை நாள் குவித்து வைத்தது?

ஆத்தூர்க்காரன்: ஈரம்தான். அஞ்சு நாள். கிடாக்களுக்கு அளவெல்லாம் இல்லை, தின்கிற மட்டும் போடுவேன்.

களத்துமேடு: குருவி கேட்டதில் விஷயம் இருக்கிறது. புளித்த மாவு அளவுக்கு மீறி உள்ளே போனால் வயிறே அமிலமாகிவிடும். திப்பியை இப்போதே நிறுத்தி, வெறும் வைக்கோல் மட்டும் போடுங்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆத்தூர்க்காரன்: வாயை முகர்ந்து பார்த்தேன், புளிச்ச வாடை. டாக்டர் கிளம்பிவிட்டாராம்.